மத்தியானத்தில் வெறுங்கரை

செப்ரெம்பர் 1, திங்கள்

கச்சான் காற்று இன்னும் ஓயவில்லை. முற்றம் முழுவதும் வேப்பஞ்சருகு. காலைக் குளிசை இரண்டு. மாலைக் குளிசை இம்முறை வேறு நிறம், மருந்து ஒன்றுதானாம். நம்பவில்லை. பழைய உறையை எடுத்து வைத்திருக்கிறேன்.

திட்ட உத்தியோகத்தர் ஒருவர் கடிதம் கொண்டுவந்து தந்தார். குருக்கள்மடம் வாவிக்கரையில் சேற்றில் வேர்விடும் கண்டல் மரங்களை மீளநடப் போகிறார்களாம். அதற்கு முன்னோடியாக மூன்று நாள் அமர்வு. தலைப்பு: உள்வளர்ச்சியும் மனித இணைப்பும். மனிதர் உள்ளே மாறாதவரை வெளியே செய்யும் மாற்றம் நிலைக்காது என்கிறது இரண்டாம் பந்தி. முதற்பந்தியில் நான் "மூத்த தாவரவியலாளர்". ஓய்வு பெற்றுப் பதினாறு வருடம். இத்தனை காலம் நினைவுக்கு வராதவள் இப்போது எதற்கு?

சந்தேகங்கள்:
1. என் கையொப்பம் தேவை.
2. புகைப்படத்தில் ஒரு நரைத்த தலை தேவை.
3. முன்னைய இரண்டு நடுகைகளும் ஏன் செத்தன என்று கேட்கக்கூடியவளை முன்கூட்டியே தம் பக்கம் இருத்திக்கொள்வது.

முதலாவது நடுகை, கடல் வந்து ஊரை அழித்ததற்குப் பிறகு. இரண்டாவது போன வருடம். முழங்கால் தண்ணீரில் நட்டால் எந்த ஞானியின் கன்றும் மூச்சடைத்துச் சாகும். அதைக் கண்டுபிடிக்க ஓர் அளவுகோல் போதும்.

எட்டரைக்கு வழமைபோல் பாக்கியம். பத்தொன்பது வருடமாக என் வீட்டுப் படலைக்கு இறால் கொண்டுவருபவள். அறுபதுக்குக் கிட்டிய வயது. தராசைப் பிடிக்கும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டாள். இறாலில் சேற்று மணம் என்றேன். பத்தொன்பது வருடமாகச் சொல்வது. ஆத்து இறாலில் ஆத்து மணந்தான் வரும் என்றாள். அதுவும் பத்தொன்பது வருடப் பதில். இங்கே வாவியை ஒருவரும் வாவி என்பதில்லை, ஆறுதான்.

போகும்போது திரும்பி நின்று, "அந்தக் கூட்டத்துக்கு நீங்களும் போறீங்களாம் மிஸ்?" யார் சொன்னது என்றேன். கடிதம் தந்தவர்தானாம். அவளையும் அழைத்திருக்கிறார்கள். இறால் விற்பவளுக்கும் உள்வளர்ச்சியா என்று நினைத்தேன். நினைத்ததை எழுதி வைக்கிறேன், பின்னர் மறுக்காமலிருக்க.

தேங்காய் பறிப்பவர் இன்றும் வரவில்லை.

செப்ரெம்பர் 3, புதன்

வெயில். மண்டபத்தில் மின்விசிறி மூன்று, சுழல்வது ஒன்று.

கதிரைகள் வட்டமாக. மேசை கிடையாது. மேசை இல்லாத கூட்டத்தில் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. கடதாசிகள் வேறெங்கோ இருக்கின்றன என்று பொருள்.

வந்தோர்: மீனவர் சங்கத்தார் பதினொருவர், அவர்களுடைய தலைவர், கையில் இரண்டு தொலைபேசிகளோடு. கதவோரம் பெண்கள் ஏழு பேர், பாக்கியம் உட்பட. ஏழு பேருக்கும் தலைமுடி ஈரம். காலை ஒன்பது மணிக்கு ஏழு பேரும் ஒன்றாக முழுகிவிட்டு வந்தார்களா? கடிதம் தந்த உத்தியோகத்தர். நான். நடத்துபவர் டிலூஷா, கொழும்பிலிருந்து, வயது முப்பது இருக்கலாம். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு நின்றார். சுத்தமான தமிழ். அதுவும் சந்தேகத்துக்குரியது.

கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னார். என் பின்னால் ஒரு கிழவர் பக்கத்திலிருந்தவரிடம்: "வலை பொத்துற வேலை கிடக்கு, இஞ்ச இருந்து மூச்சு எண்ணுறம்."

மற்றவர்: "எண்ணு, எண்ணு. நிண்டிட்டெண்டா சொல்லு."

கதவோரம் சிரிப்பு. நான் இருமிச் சமாளித்தேன்.

முன்னர் நட்ட கன்றுகள் எங்கே என்று டிலூஷா கேட்டார். எருமை என்றார் தலைவர். எருமை மேயும், வேர் முறியாமற் பிடுங்கிக் கரையில் அடுக்கி வைக்காது. போன வருடம் நானே பார்த்தேன்: நாற்பது ஐம்பது கன்றுகள், வரிசையாக, நுனிகள் ஒரே பக்கமாக. பிடுங்கியவருக்குக் கன்றின்மீது கோபம் இருக்கவில்லை. தலைவருக்குக் கரையின் மேலே தென்னந்தோட்டம். அதன் வேலி வருடத்துக்கு வருடம் தண்ணீரை நோக்கி நடந்துகொண்டிருக்கிறது. கண்டல் வளர்ந்தால் வேலி நிற்க வேண்டும். ஆகவே என் சந்தேகம் அவர்மீது.

சுவரில் வரைபடம். நீர் விளிம்பு நெடுகப் பச்சைப் பட்டை. வருகிற செவ்வாய்க்கிழமை அதைச் சுற்றித் தூண் நட்டு முட்கம்பி அடிப்பார்கள், மாடோ மனிதரோ உள்ளே போகாதபடி. அதற்குத் திங்கட்கிழமை எல்லோரும் சம்மதக் கையொப்பம். கண்ணாடியை மாற்றிக்கொண்டு கிட்டப் போனேன். பட்டையின்மேல் எழுதியிருந்தது: "பயன்பாடு இல்லாத கரை." கீழ் மூலையில் பிரதியெடுத்துப் பிரதியெடுத்து மங்கிய சிற்றொப்பம்.

என்னுடையது. திணைக்களத்தில் இருந்தபோது, கடல் வந்த மறுவருடம் நான் வரைந்த படம்.

ஆக, மூன்று நடுகைகளும் என் படத்தின்மேல். ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. இன்று நானும் ஒருவருக்கும் சொல்லவில்லை.

பிற்பகல், புகைப்படத்துக்காக அறுபது கன்றுகள் நடப்பட்டன. முழங்கால் தண்ணீர். ஆழம் கூட என்றேன். உத்தியோகத்தர் சொன்னார்: "மேல நட்டா ஆக்கள்ட காணி மிஸ். தண்ணிக்குள்ள எண்டா ஒருத்தரும் கேக்கமாட்டாங்க." இத்திட்டத்தில் இதுவரை கேட்ட நேர்மையான வாக்கியம் இது ஒன்றே.

செப்ரெம்பர் 5, வெள்ளி

காற்று விழுந்துவிட்டது. விடிய முன் எழுந்து கரைக்குப் போனேன். கைத்தடி, டோர்ச், தொப்பி. நோக்கம்: தலைவர் கன்று பிடுங்குவதைக் கையும் களவுமாகப் பிடிப்பது. எழுபத்தாறு வயதில் செய்யத்தக்க வேலையன்று, செய்தேன். தில்லை மரத்தின் பின்னால் மறைந்து நின்றேன். அதன் பால் பட்டால் கண் போகும் என்று முப்பது வருடம் பிறரை எச்சரித்தவள் நான்.

தலைவர் வரவில்லை.

வெளிச்சம் வரத் தொடங்கியபோது தண்ணீரில் பானைகள் மிதப்பதாக நினைத்தேன். ஏழு. பிறகு ஒரு பானை திரும்பியது. முகம் இருந்தது.

பெண்கள். முழங்கால் ஆழத்தில், சேற்றில் புதையக் குந்தியிருந்து கழுத்துவரை அமிழ்ந்து, அப்படியே நகர்கிறார்கள். இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறார்கள். சிறிய ஓலைப் பறியைப் பல்லால் கவ்வியிருக்கிறார்கள். அகப்பட்ட இறாலை வாயருகே கொண்டுபோய்ப் பறிக்குள் விடுகிறார்கள். ஒரு சொல் இல்லை. பல்லில் பறி இருக்கையில் எப்படிப் பேசுவது? நேற்றுமுன்தினம் நட்ட கன்று கையில் தட்டுப்பட்டால், அடியில் விரல் விட்டுச் சேற்றைத் தளர்த்தி, நோகாமல் இழுத்தெடுக்கிறார்கள். ஒருத்தி அவற்றைச் சேர்த்துக் கரைக்குக் கொண்டுவந்து வரிசையாக வைத்தாள்.

அந்த ஒருத்தி பாக்கியம்.

வெயில் ஏறியதும் போய்விட்டார்கள். ஆறரை மணிக்குக் கரையில் ஈ காக்கை இல்லை. என் படத்தில் உள்ளபடியே.

பத்தொன்பது வருடமாக அவளுடைய இறாலைத் தின்கிறேன். எந்தக் கரை இறால் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

எட்டரைக்குப் படலை. தராசை எடுக்குமுன் என் காலைப் பார்த்தாள்.

"என்ன மிஸ், செருப்பில சேறு?"

பூமரத்துக்குத் தண்ணீர் விட்டேன் என்றேன்.

"இது ஆத்துச் சேறு மிஸ்."

அரைக் கிலோ வாங்கினேன். சேற்று மணம் என்று இன்று சொல்லவில்லை. சொல்லாததை அவள் கவனித்தாள்.

செப்ரெம்பர் 6, சனி

இரண்டாம் அமர்வு. வெயில்.

கிண்ணத்துக்குள் இலக்கச் சிட்டைகள். ஒரே இலக்கம் வந்த இருவர் சோடி. எனக்கு நான்கு. பாக்கியத்துக்கும் நான்கு. அவள் பக்கத்திலிருந்தவளோடு சிட்டை மாற்றியதைக் கண்டேன், அல்லது கண்டதாக நினைக்கிறேன்.

விதி: ஒருவர் மூன்று நிமிடம் பேசவேண்டும். மற்றவர் கேட்கவேண்டும், பதில், புத்திமதி, "ம்" கொட்டல் எதுவும் கூடாது. பிறகு கேட்டதை வட்டத்தின் முன்னே திருப்பிச் சொல்லவேண்டும், தன் சரக்குச் சேர்க்காமல். சிறுபிள்ளை விளையாட்டு என்று எண்ணினேன்.

முதலில் நான். குளிசையின் நிறம் மாறியதைப் பற்றிப் பேசினேன். மூன்று நிமிடமும் அதுவே. பாக்கியம் எழுந்து நின்று ஒன்றும் விடாமல் ஒப்புவித்தாள், பழைய உறையை நான் எடுத்து வைத்திருப்பது உட்பட. அவையில் சிரிப்பு.

பிறகு அவள். முதல் நிமிடம் ஆட்டின் கதை: காலில் புண், மருமகள் மஞ்சள் பூசியிருக்கிறாள். பின்னர் குரலைத் தாழ்த்தினாள்.

"நேத்து உங்களக் கண்டன் மிஸ். வாயில பறி, கூப்பிட ஏலாமப் போச்சு. தில்லைக்குக் கீழ நிக்கப்படாது, கண் போயிரும். நாங்க வெயில் ஏற முதல் ஏறிருவம். மத்தியானத்தில வந்து பாக்கிறவங்களுக்கு அது வெறுங்கரைதான். முந்தி ஒரு ஒபிஸ் மிஸ் குடையோட வந்து, நிண்டு எழுதிட்டுப் போனாவாம் எண்டு எங்கட மாமி சொல்லுவா. ஆரெண்டு மாமிக்குத் தெரியும். எனக்கும் தெரியும். கம்பி அடிச்சா நாங்க எங்க இறங்குற? அங்கால ஆழம். இஞ்சால வலைக்காரர்ட இடம். எனக்கு வேற தொழில் தெரியா மிஸ்."

மணி அடித்தது. என் முறை. எழுந்தேன். பாக்கியம் தம் ஆட்டின் காற்புண் பற்றிக் கூறினார் என்றேன்.

எல்லோரும் அனுதாபத்தோடு தலையசைத்தார்கள், ஆட்டுக்காக. பாக்கியம் நிலத்தைப் பார்த்தாள், திருத்தவில்லை. டிலூஷா என் பக்கம் திரும்பினார். வேறேதும் கேட்டீர்களா என்றார். இல்லை என்றேன்.

எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணங்கள்: (அ) பிடுங்கியது யாரென்று தெரிந்தால் அவளுக்கே தீங்கு. (ஆ) காதோடு சொன்னது அவைக்கு உரியதன்று. (இ) படம் பழையது, பொறுப்பு புதியவர்களுடையது. மூன்றும் அழகாக அமைந்த வாக்கியங்கள். மூன்றும் பொய். அந்தச் சிற்றொப்பத்தை யாரும் உற்றுப் பார்க்கக் கூடாது என்பதே காரணம்.

இரவுச் சாப்பாடு பாணும் சம்பலும். இறால் அப்படியே இருக்கிறது.

செப்ரெம்பர் 7, ஞாயிறு. போயா

பாக்கியம் வரவில்லை. முழுநிலாப் போயா விடுமுறை என்பதால் என்று சொல்லிக்கொண்டேன். முன்னைய போயாக்களில் வந்திருக்கிறாள்.

இரும்புப் பெட்டியைத் திறந்தேன். களக் குறிப்பேடுகள். ஓரங்களைக் கறையான் தின்றுவிட்டது. என் துரதிர்ஷ்டம், நடுப்பக்கங்கள் மிச்சம். அந்த வருடத்துப் பக்கம்:

"பி.ப. 12.40. கடும் வெயில். கரையில் எவரும் இல்லை. வள்ளம் இல்லை, வலை இல்லை. காற்றில் குடை புரண்டது. சரிசெய்ய ஐந்து நிமிடம். பயன்பாடு இல்லை. 1.05 புறப்பாடு."

இருபத்தைந்து நிமிடம், அதில் ஐந்து குடைக்கு. ஒரு செடியைப் பெயரிடுமுன் வேரிலிருந்து பூவரை பார்க்க வேண்டும், பூ இல்லாவிட்டால் பூக்கும் காலத்தில் மறுபடி போகவேண்டும் என்று பல்கலைக்கழகத்தில் படித்தவள். கரைக்கு அந்த மரியாதையைக் கொடுக்கவில்லை. மத்தியானத்தில் ஏன் போனேன்? வேறு காரணமே இல்லை: திணைக்கள வாகனம் அந்நேரத்தில்தான் ஓய்வாக நின்றது.

இன்னொரு கணக்கு. படம் வரைந்தது இருபது வருடத்துக்கு முன். பாக்கியம் என் படலைக்கு வரத் தொடங்கிப் பத்தொன்பது. ஊரில் இத்தனை படலைகள் இருக்க, மறுவருடமே என் படலையைத் தேடி வந்திருக்கிறாள். இறால் விற்க மட்டுமா? என்றாவது ஒருநாள் நான் கேட்பேன் என்றா? சந்தேகம் எனக்குப் பழகிய தொழில். ஆனால் இந்தத் திசையில் அதைத் திருப்பியதில்லை.

சமைத்த இறால் கெட்டுவிட்டது. பூனைக்கு. பூனையும் மோந்து பார்த்துவிட்டுப் போனது.

செப்ரெம்பர் 8, திங்கள்

மேகமூட்டம், மழை இல்லை. எட்டரைக்கு ஒருவரும் வரவில்லை. ஒன்பதுக்குப் புறப்பட்டேன். குறிப்பேடு கைப்பையில்.

மண்டப வாசலில் பாக்கியத்தை மறித்தேன். அன்று நீ சொன்னதை இன்று எல்லோருக்கும் சொல்லட்டுமா என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"சொல்லத்தானே மிஸ் உங்களுக்குச் சொன்ன."

சம்மதத் தாள் வட்டத்தில் சுற்றி வந்தது. தலைவர் முதல் ஒப்பம், பெரிதாக. பாக்கியத்திடம் வந்தபோது அவள் எழுத்துக்கூட்டி வாசித்தாள். ஒப்பமிடாமல் என்னிடம் தந்தாள். எழுந்தேன். சனிக்கிழமை கேட்டதைச் சரியாகத் திருப்பிச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன் என்றேன். வெயில் ஏறுமுன் ஏறிவிடுவது, அங்கால ஆழம், இஞ்சால வலைக்காரர், வேறு தொழில் தெரியாதது, எல்லாம் அவள் சொன்ன ஒழுங்கில். குடையும். பிறகு விதியை மீறி என் சரக்கைச் சேர்த்தேன்: அந்தக் குடை என்னுடையது, சுவரில் தொங்கும் படமும் என்னுடையது, இருபத்தைந்து நிமிடத்தில் எழுதியது. குறிப்பேட்டை வாசித்துக் காட்டினேன்.

தலைவருக்கு இப்போதுதான் விளங்கியது. அப்போ கன்று பிடுங்கினது இவளுகளா என்று பெண்கள் பக்கம் திரும்பினார். அவர்கள் ஏழு பேரும் தலை குனிவார்கள் என்று நினைத்தேன்.

"எருமை ஏழும் இஞ்சதான் இருக்கு தலைவர்," என்றாள் பாக்கியம். "கட்டிக்கொண்டு போங்க."

வலை பொத்தும் கிழவர் சிரித்துச் சிரித்துக் கதிரையோடு பின்னால் சாய, இருவர் பிடித்தார்கள்.

உத்தியோகத்தர் சிரிக்கவில்லை. படம் அங்கீகாரம் பெற்றது, தூண் லொறி நாளை காலை வருகிறது, மாற்ற இயலாது என்றார். டிலூஷா மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: அவர்கள் எத்தனை மணிக்குத் தண்ணீரில் இறங்குவார்கள்? ஐந்துக்கு என்றேன். அப்படியானால் லொறிக்கு முன் நாங்கள் அங்கே நிற்போம் என்று உத்தியோகத்தரைப் பார்த்துச் சொன்னார். அவர் மறுக்கவில்லை. வரமாட்டார் என்றே நினைக்கிறேன்.

டிலூஷாவின் அறிக்கையில் நான் ஒரு பந்தியாக வருவேன். உள்வளர்ச்சிக்கு உதாரணம். அதையும் தாங்க வேண்டும். உள்ளே ஏதேனும் வளர்ந்ததா என்று வீட்டுக்கு வந்து அமர்ந்து பார்த்தேன். வளர்ந்ததாகத் தெரியவில்லை. இருபது வருடமாகக் கிடந்த ஒரு முள் வெளியே வந்திருக்கிறது. வந்த இடம் வலிக்கிறது. அந்த விளையாட்டு வேலை செய்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதைக் கொழும்பிலிருந்து கொண்டுவர நேர்ந்ததே, ஒரே படலையில் பத்தொன்பது வருடம் நின்ற இருவருக்கு.

செப்ரெம்பர் 9, செவ்வாய்

ஐந்தேகாலுக்குக் கரை. மென்குளிர். உத்தியோகத்தர் வந்திருந்தார், கொட்டாவியோடு. டிலூஷா, வெறுங்காலோடு. தலைவரும் வந்து சற்றுத் தள்ளி நின்றார். தண்ணீரில் ஏழு தலைகள்.

உத்தியோகத்தர் முதலில் அவர்களைக் காணவில்லை. எங்கே மிஸ் என்றார். கைத்தடியால் காட்டினேன். ஏழையும் விரல் விட்டு எண்ணினார். தெருவில் லொறி வந்து நின்ற சத்தம்.

பாக்கியம் பல்லிலிருந்து பறியை எடுத்தாள். "நிண்டு பாத்தது போதும் மிஸ். இறங்கி அளந்து எழுதுங்க."

இறங்கினேன். சேலை நனைந்தது. சேறு காலை இழுத்தது. அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். விழுந்தால் இடுப்பு முறியும், வேறு காரணம் இல்லை. கைத்தடியில் இரண்டு கோடு கீறினேன். மேற்கோட்டுவரை தண்ணீர் நிற்கும் இடத்தில் இறால். கீழ்க்கோட்டையும் எட்டாமல் தண்ணீர் வந்து போகிற மேட்டில் நட்டால்தான் கன்று பிழைக்கும். இரண்டுக்கும் இடையில் சண்டையே இல்லை. பிழைக்கும் இடத்தில் தலைவரின் வேலி நிற்கிறது, அவ்வளவே.

இதைத் தண்ணீரில் நின்றபடி உரக்கச் சொன்னேன். எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். அவர் ஒரு தொலைபேசியைப் பார்த்தார். பிறகு மற்றத் தொலைபேசியை. யோசிப்பம் என்றார். யோசிப்பம் என்பது இவ்வூரில் இல்லை என்பதை மரியாதையாகச் சொல்லும் வகை. ஆனால் அதை ஏழு பெண்களுக்கும் முன்னால் சொல்ல வேண்டி வந்தது. அவர்கள் நாளையும் இதே இடத்தில் இருப்பார்கள், அவர் வேலிக்கு நேர் எதிரே.

லொறி தூண்களோடு திரும்பிப் போனது. எத்தனை நாளைக்கு என்று எழுத்தில் தரவில்லை. கேட்டிருக்கிறேன். புதுப் படம் நான் வரைந்து தரவேண்டுமாம். நேரம் குறித்த படம் தருவேன், ஏழு பேரும் பார்த்துச் சரியென்ற பிறகே சிற்றொப்பம் என்றேன். உத்தியோகத்தர் அதைக் கையில் எழுதிக்கொண்டார், உள்ளங்கையில். அழியும்.

எட்டரைக்குப் படலை. பாக்கியம். தலைமுடி ஈரம். அரைக் கிலோ நிறுத்தாள். இம்முறை முகத்தைப் பார்த்தபடி. சேற்று மணம் என்றேன்.

"இண்டைக்கு அது உங்கட கால்ல இருந்து வாற மணம் மிஸ்."